ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1971 போர் பத்திப் பேச்சு எடுத்தாலே எனக்கு செகோன் ஞாபகம் வந்துடும், நானும் ஆரம்பிச்சுடுவேன், உடனே கேக்குறவங்ககிட்ட இருந்து அதே கேள்விங்க வரும். சொந்தக்காரப் பசங்க, கூட வேலை பாக்குறவங்க, ஏர்ஃபோர்ஸ் எக்ஸாமுக்குப் படிக்கிற பிள்ளைங்கன்னு யார் கேட்டாலும் சந்தேகம் ஒண்ணுதான். அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்விகளைப் போட்டு, எனக்கு உறுதியாத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன்.

செகோன் யாருங்க? ரெண்டு வரியில சொல்லுங்களேன்

இந்திய விமானப்படையோட ஃபைட்டர் பைலட். 1971 டிசம்பர் 14 அன்னைக்கு ஸ்ரீநகர் ஏர்ஃபீல்டைத் தாக்க வந்த 6 பாகிஸ்தான் சேபர் விமானங்களை எதிர்த்து ஒரு குட்டி நாட் விமானத்துல மேல ஏறினவர், திரும்பி வரல. இறந்த பிறகு அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க, போர்க்கால வீர விருதுலயே அதுதான் உச்சம். இதுவரைக்கும் அந்த விருது 21 பேருக்குத்தான் கிடைச்சிருக்கு, அதுல 20 பேர் ராணுவம், விமானப்படையில இருந்து இவர் ஒருத்தர் மட்டும்தான்.

செகோனா, சேக்கானா? எப்படிச் சொல்லணும்?

பஞ்சாபியில 'சேகோ'ன்னு சொல்லி கடைசில மூக்கால ஒரு சத்தம் வரும், தமிழ்ல அதை அப்படியே எழுத வழியில்ல. 'செகோன்'னு சொன்னாலே எல்லாருக்கும் புரியும்.

ஃப்ளையிங் ஆபீசர்னா ஃப்ளைட் ஓட்டுற எல்லாருக்கும் அதான் பேரா?

இல்ல, அது ஒரு ரேங்க். ராணுவத்துல லெஃப்டினன்ட்னு சொல்றோம்ல, அதுக்குச் சமம். அதுக்கு மேல ஃப்ளைட் லெஃப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர்னு போகும். விமானமே ஓட்டாத பிரிவுல இருக்குற ஆபீசருக்கும் இந்த ரேங்க் உண்டு.

இதை ஏன் சொல்றேன்னா, அவர் எவ்வளவு ஜூனியர்னு அப்பதான் புரியும். 1967 ஜூன் 4 அன்னைக்குப் பைலட் ஆபீசரா கமிஷன் ஆனவர், அந்தச் சண்டை நடந்தப்போ மொத்த சர்வீஸே நாலரை வருஷம்தான். முடிவெடுக்குற இடத்துல இருந்த பெரிய அதிகாரி இல்ல அவர், ரோஸ்டர்ல அன்னைக்குப் பேரு இருந்த ஒரு இளம் பைலட்.

சொந்த ஊரு, குடும்பம்லாம் எப்படி?

பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்துல இசேவால்னு ஒரு கிராமம். அப்பா தர்லோக் சிங் செகோன், அவரும் விமானப்படையிலதான் வேலை பார்த்தார். பிறந்த நாள் ஜூலை 17. விமானம், யூனிஃபார்ம், டியூட்டி இதெல்லாம் வீட்டுக்குள்ளயே கேட்டு வளர்ந்த பையன்.

போர் வந்தப்போ கல்யாணம் ஆகி சில மாசம்தான் ஆகியிருந்துச்சு. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது எதிர்ல இருக்குறவங்க முகம் மாறிடும், எத்தனை தடவை சொன்னாலும் எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஸ்குவாட்ரன்ல, அதாவது அவர் இருந்த விமானப்படைப் பிரிவுல, அவரை 'பிரதர்'னு கூப்பிடுவாங்களாம். கூட இருந்தவங்க அவரை எப்படிப் பார்த்தாங்கன்னு அந்தப் பேரே காட்டுது.

நாட் விமானம்னா என்ன? கொசு மாதிரி ஏதோ சொல்றாங்களே

ஆமா, இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சின்னுதான் அர்த்தம். இங்கிலாந்துல ஃபாலண்ட் கம்பெனி டிசைன் பண்ணினது, நம்ம பெங்களூர்ல ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்ல லைசென்ஸ் வாங்கிக் கட்டினாங்க. இறக்கையோட ஒரு முனையில இருந்து மறு முனைக்கு 7 மீட்டர்கூட இல்ல, வால் உச்சியே 3 மீட்டரைத் தொடாது. டெல்லியில பாலம்ங்கிற இடத்துல இருக்குற ஏர்ஃபோர்ஸ் மியூசியத்துல பக்கத்துல நின்னு பார்த்தப்போ எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிடுச்சு, போர் விமானம்னா அண்ணாந்து பாக்கணும்னு நினைச்சுட்டுப் போனேன், இது என்னடான்னா காக்பிட் கிட்டத்தட்ட நம்ம தலை உயரத்துலயே இருக்கு, உள்ள ஒரு ஆள் தோளைக் குறுக்கிட்டு உக்காரத்தான் இடம்.

ஆயுதம்னு பார்த்தா 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் 115 ரவுண்டு. விடாம அழுத்திப் பிடிச்சா ஆறு செகண்டு மாதிரிதான் வரும், அதுக்குள்ள எல்லாம் காலி. அதனால பொத்தாம்பொதுவா சுட முடியாது, கிட்டக்கப் போய் குறி வச்சு ஒவ்வொரு செகண்டா செலவு பண்ணணும். சின்னதா இருக்குறதுதான் அதோட பலம், எதிரி கண்ணுல சீக்கிரம் படாது, சட்டுனு திரும்பும். 1965 போர்லயே சேபர்களை வீழ்த்தி 'சேபர் ஸ்லேயர்'னு பேரு வாங்கிடுச்சு. குறையும் உண்டு, பீரங்கி நடுவுல ஜாம் ஆகும், கன்ட்ரோல் சிஸ்டம்ல அப்பப்போ தொந்தரவு வரும். இந்தக் கன்ட்ரோல் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு பதில்ல வருது.

சரி, சேபர் எப்படி? அதைவிடப் பெருசா?

பெருசுதான். அமெரிக்காக்காரன் செஞ்சது, கொரியப் போர்ல பேரு வாங்கினது. இறக்கை அகலம் 11 மீட்டருக்கு மேல, மூக்குல 6 மெஷின் கன். அதுவும் வளைஞ்சு திரும்புறதுல கெட்டிக்கார விமானம்தான். ஒண்ணுக்கு ஒண்ணு மோதினா நாட் தாராளமா சமாளிக்கும், ஆனா அன்னைக்கு நடந்தது ஒண்ணுக்கு ஒண்ணு இல்ல.

அவரோட ஸ்குவாட்ரன் ஸ்ரீநகர்லதான் இருந்துச்சா?

இல்ல, போர் வந்த பிறகு அங்க போனவங்க. 1948 காலத்து சர்வதேச ஒப்பந்தப்படி காஷ்மீர் பள்ளத்தாக்குல போர் விமானங்களை நிரந்தரமா வைக்கக் கூடாது, அதனால சண்டை தொடங்குற வரைக்கும் ஸ்ரீநகருக்குன்னு காவல் விமானம் எதுவும் இல்ல. 1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானப்படை நம்ம ஏர்ஃபீல்டுகளைத் தாக்கி முழுப் போர் ஆரம்பிச்சப்போ, 18வது ஸ்குவாட்ரன்ல இருந்து ஒரு சின்னக் குழு நாட் விமானங்களோட அங்க காவலுக்கு நின்னுச்சு. 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'னு அந்த ஸ்குவாட்ரனுக்குப் பேரு.

சமவெளியில பறந்து பழகினவங்க திடீர்னு கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1600 மீட்டர் உயரத்துல இருக்குற ஊருக்கு, அதுவும் டிசம்பர் குளிர்ல வந்து நிக்கிறாங்க. சுத்தி மலை, புது இடம், காத்து ஊசியாக் குத்துது. விருதுக்கான அரசாங்கக் குறிப்பே இதைத் தனியாச் சொல்லுது, அந்த நிலப்பரப்பு அவருக்குப் பழக்கமில்ல, அந்த உயரத்துக்கு உடம்பு பழகல, ஆனாலும் போர் ஆரம்பிச்சதுல இருந்து அவரும் கூட இருந்தவங்களும் அலை அலையா வந்த தாக்குதலை எதிர்த்து நின்னாங்கன்னு.

டிசம்பர் 14 அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? முழுசா சொல்லுங்க

பெஷாவர்ல இருந்து 6 சேபர் கிளம்புது, பாகிஸ்தானோட 26வது ஸ்குவாட்ரன், விங் கமாண்டர் சங்கேசி தலைமையில. கொஞ்சம் விமானம் குண்டோட, மீதி அதுக்குக் காவலா. ஸ்ரீநகர்ல அந்த நேரம் ரெடினெஸ் டியூட்டியில ரெண்டு நாட், ஃப்ளைட் லெஃப்டினன்ட் பல்தீர் சிங் குமன் லீடர், செகோன் அவரோட விங்மேன், அதாவது லீடரை ஒட்டியே தன் விமானத்துல பறந்து காவல் காக்குறவர். ரெடினெஸ்னா பைலட் எந்த நிமிஷமும் ஏறிக் கிளம்பத் தயாரா நிக்கணும், மணி அடிச்சதும் ஓடணும்.

எச்சரிக்கை வந்தப்போ சேபருங்க தலைக்கு மேலயே வந்தாச்சு. முதல்ல போன விமானம் கிளப்பின தூசி ரன்வேயை மூடிடுச்சு, முன்னாடி ஒண்ணும் தெரியல, அதனால செகோனால உடனே கிளம்ப முடியல. தூசி அடங்கக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை எப்பவும் உலுக்குற இடம். இன்ஜின் ஓடிட்டிருக்கு, கண்ணாடி மூடியாச்சு, வெளிய ஏர்ஃபீல்டு மேல தாக்குதல் நடக்குது, இவர் தரையில அசையாம நிக்கிறார். டேக் ஆஃப் பண்ற விமானத்துக்கு அந்த சில நொடியில வேகமும் கிடையாது உயரமும் கிடையாது, நேர்கோட்டுல ஓடியே ஆகணும், மேல இருக்குறவனுக்கு அதைவிட லேசான குறி கிடையாது. அது பைலட்டுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் த்ராட்டிலைத் தள்ளினார்.

மேல ஏறினதும் குண்டு போட்டுட்டு விலகின ஒரு ஜோடி சேபர் பின்னாடி திரும்பிட்டார். மரத்து உச்சி உயரத்துல, வளைஞ்சு வளைஞ்சு, ஒரு சேபருக்கு அடி விழுந்துச்சு, இன்னொண்ணுக்கும் விழுந்துச்சுன்னு நம்ம பதிவு சொல்லுது. அதுக்குள்ள மத்த சேபருங்களும் இவர் பின்னாடி வந்துடுச்சு. ரேடியோல அவர் குரலைக் கீழ இருந்தவங்க கேட்டுட்டிருந்தாங்க. ரெண்டு சேபர் பின்னாடி இருக்கேன், விடமாட்டேன்னு சொன்னதா சொல்றாங்க. கடைசியா, எனக்கு அடி பட்டுடுச்சு போல, குமன் வாங்க, வந்து பிடிங்கன்னு லீடரைக் கூப்பிட்டார்.

ரேடார் இல்லையா? முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே

மலைக்கு அந்தப் பக்கம் தாழ்வா பறந்து வர்ற விமானத்தை ரேடார் பாக்காது, அதோட கதிர் நேர்கோட்டுலதான் போகும், மலை மறைச்சுடும். அதனால அங்க முக்கியமா நம்பினது உயரமான இடங்கள்ல ரேடியோவோட உக்காந்திருந்த கண்காணிப்பு ஆளுங்களைத்தான். அவங்க கண்ணால பார்த்துச் சொல்றதுக்குள்ள ஜெட் விமானம் ஏர்ஃபீல்டை நெருங்கிடும். நிமிஷக் கணக்குலதான் நேரம். யாரோ அசட்டையா இருந்தாங்கன்னு சொல்றது நியாயம் இல்ல.

கூடப் போன லீடர் எங்க? விட்டுட்டுப் போயிட்டாரா?

இந்தக் கேள்வி வந்தா கொஞ்சம் நிதானமாவே பதில் சொல்வேன், ஏன்னா இதுல ஒரு நல்ல பைலட் மேல வீணா பழி விழுது. குமன் முன்னாடியே ஏறிட்டார். தூசி, மங்கலான காலை, ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி, ஏறின உடனே ஒருத்தர் பார்வையில இருந்து இன்னொருத்தர் மறைஞ்சாச்சு. மேல சொன்ன சைஸைத் திருப்பி நினைச்சுப் பாருங்க, எதிரிக்குத் தெரியாம இருக்கத்தான் நாட்டை அவ்வளவு சின்னதா செஞ்சாங்க, கூட வர்றவனுக்கும் அது அப்படியேதான். ஒரு திருப்பத்துல தவறவிட்டா அந்தப் பள்ளத்தாக்குல மறுபடி கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம், மொத்த சண்டையும் சில நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு.

ஒத்த ஆளா ஆறு விமானத்தையும் அடிச்சு வீழ்த்தினார்னு ஃபார்வேர்டு வந்துச்சே, நிஜமா?

இல்ல. ஆறு பேரை எதிர்த்துப் போனார்ங்கிறது உண்மை, ஆறையும் வீழ்த்தினார்ங்கிறது உண்மை இல்ல. இந்திய அரசோட குறிப்புலயே ரெண்டு விமானத்துக்கு அடி விழுந்ததாத்தான் இருக்கு. பாகிஸ்தான் தரப்பு அந்தச் சண்டையில எங்க விமானம் எதுவும் விழலைன்னு சொல்லுது. போர்ல ரெண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போறது அபூர்வம், அந்த வேகத்துல புகை வந்தாலே விழுந்துடுச்சுன்னுதான் தோணும், அது திரும்பிப் போய் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தயவு செஞ்சு அந்த ஃபார்வேர்டை அனுப்பாதீங்க. அவருக்கு அப்படி ஒரு பொய்க் கணக்கு தேவையே இல்ல. அவரைச் சுட்டவர்னு பாகிஸ்தான் பதிவு சொல்ற பைலட் சலீம் பேக் மிர்சாவே பின்னாடி அந்தச் சண்டையைப் பத்தி எழுதினப்போ செகோனை மதிச்சுத்தான் எழுதியிருக்கார். எதிர்ல நின்னு சண்டை போட்டவர் சொல்ற வார்த்தைக்கு நான் எந்த எண்ணிக்கையையும்விட அதிக மதிப்பு கொடுப்பேன்.

அப்போ அவரை 'ஏஸ்'னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. வான் சண்டையில 5 விமானமாவது வீழ்த்தினவரைத்தான் ஏஸ்னு சொல்ற வழக்கம்.

பாராசூட்ல குதிச்சிருக்கலாமே, ஏன் குதிக்கல?

குதிக்கப் பார்த்தார். அடி பட்டதும் பேஸுக்குத் திரும்பச் சொல்லியிருக்காங்க, விமானம் கொஞ்ச தூரம் இறக்கை சாயாம நேராப் போச்சு, அப்புறம் தலைகீழா கவுந்து கீழ விழுந்துச்சு. கன்ட்ரோல் சிஸ்டம் செயலிழந்திருக்கும்னுதான் நினைக்கிறாங்க. கடைசி நொடியில காக்பிட் மேல இருக்குற கண்ணாடி மூடி, அதாவது கேனபி, பிச்சுக்கிட்டுப் பறந்ததைப் பார்த்தவங்க உண்டு, சீட்டோட பைலட்டை வெளிய தூக்கி எறியுற எஜெக்ஷனுக்கு அதுதான் முதல் கட்டம். ஆனா அந்தக் காலத்து எஜெக்ஷன் சீட்டுக்கு ஓரளவு உயரம் வேணும், விமானம் நிமிர்ந்தும் இருக்கணும். மரத்து உயரத்துல, கவுந்த நிலையில, சீட்டு வெடிச்சாலும் பாராசூட் விரிய நேரம் இல்ல.

உடல் கிடைச்சுதா?

இல்ல. விமானத்தோட சிதைவு ஸ்ரீநகர் டவுன்ல இருந்து பேஸுக்கு வர்ற ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளத்துல கிடைச்சுது. ராணுவமும் விமானப்படையும் திரும்பத் திரும்பத் தேடினாங்க, அவர் கிடைக்கவே இல்ல. ரெண்டே நாள்ல, டிசம்பர் 16 அன்னைக்கு டாக்காவுல பாகிஸ்தான் படை சரணடைஞ்சுது, அடுத்த நாள் மேற்குல சண்டை நின்னுச்சு. நாடே கொண்டாடிட்டிருந்த அந்த வாரம் இசேவால்ல அந்த வீட்டுல எப்படி இருந்திருக்கும். இதுக்கு மேல என்னால எழுத முடியல.

போர்ல எத்தனையோ பைலட் இறந்தாங்க, இவருக்கு மட்டும் ஏன் பரம்வீர் சக்ரா?

நியாயமான கேள்வி. 1965ல ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, குடகுக்காரர், பாகிஸ்தான்ல சர்கோதா ஏர்ஃபீல்டைத் தாக்கப் போனப்போ மிஸ்டேர் விமானத்தை வச்சுக்கிட்டு அதைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமான பாகிஸ்தானோட ஸ்டார்ஃபைட்டர் கூட மோதி அதை வீழ்த்திட்டு இறந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா வந்ததே 1988ல, 23 வருஷம் கழிச்சு. அவர் தைரியம் குறைச்சலா? கிடையவே கிடையாது. எதிரி மண்ணுல தனியா நடந்ததால யாருக்கும் தெரியாமப் போச்சு.

செகோன் விஷயத்துல ஒரு முழு ஏர்ஃபீல்டே சாட்சி. ரன்வே, தூசி, ரேடியோ எல்லாத்தையும் நம்ம ஆளுங்க நேர்ல பார்த்தாங்க, கேட்டாங்க. சாட்சி இருந்ததால விருது வந்துச்சுன்னு மட்டும் நான் சொல்லல, ஆனா சாட்சி இல்லாம எத்தனை பேர் விடுபட்டாங்கன்னு நினைக்கிறப்போ மனசு கனக்கும். விருதுக் குறிப்புல எடை போட்டது நாலு விஷயம்: தாக்குதல் நடுவுல டேக் ஆஃப், எதிர்ல ஆறு விமானம், பழக்கமில்லாத இடம், கடைசி வரைக்கும் விலகாதது. எத்தனை விமானம் விழுந்துச்சுங்கிற கணக்கைவிட அந்த ரன்வேல எடுத்த முடிவுதான் அதுல பெருசுன்னு நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டது.

அபிநந்தனுக்குக் கொடுத்ததும் இதே விருதுதானே?

இல்லைங்க. 2019ல நம்ம ஊர் அபிநந்தன் வர்தமானுக்கு அறிவிச்சது வீர் சக்ரா. போர்க்கால வீர விருதுல முதல்ல பரம்வீர் சக்ரா, அடுத்து மகாவீர் சக்ரா, மூணாவது வீர் சக்ரா. ஒண்ணு மட்டும் ரெண்டு பேருக்கும் பொது, அபிநந்தன் அந்த 2019 வான் சண்டைக்கு மிக்-21ல கிளம்பினதும் இதே ஸ்ரீநகர்ல இருந்துதான்.

அந்த மெடல் எப்படி இருக்கும்? தங்கமா?

தங்கம் இல்ல, வெண்கலம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டம், நடுவுல அசோகச் சின்னம், சுத்தி இந்திரனோட வஜ்ராயுதம் நாலு, ஊதா கலர் ரிப்பன். வடிவமைச்சவங்க சாவித்ரி கனோல்கர், ஐரோப்பாவுல பிறந்து இந்திய ராணுவ அதிகாரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க.

அவர் நினைவா எங்கெல்லாம் என்ன இருக்கு? போய்ப் பாக்கலாமா?

லூதியானா கோர்ட் வளாகத்துல சிலை இருக்கு, பக்கத்துல ஒரு நாட் விமானமும் நிக்குது. டெல்லியில தேசியப் போர் நினைவிடத்துல 21 பரம்வீர் சக்ரா வீரர்களோட மார்பளவுச் சிலை வரிசை இருக்கு, அதுல இவரும் உண்டு. 1980கள்ல ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு இவர் பேரு வச்சாங்க, 2023 ஜனவரியில அந்தமான் நிகோபார்ல பேரில்லாம இருந்த 21 தீவுகளுக்கு 21 வீரர்கள் பேரு வச்சப்போ ஒண்ணு செகோன் தீவு ஆச்சு.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா நான் பாலம் மியூசியத்தைத்தான் சொல்வேன், அங்கயும் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா நாட் பக்கத்துல நிக்க வச்சு ஒரு ஃபோட்டோ எடுங்க, இறக்கை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அவங்களே பாக்கட்டும்.